மேரி பார்க்கப் போன பள்ளம்

ரோமுக்குப் போகிறோம் என்று சொன்னதும் குடவாசலில் எல்லோரும் நாங்கள் போப்பாண்டவரைப் பார்க்கத்தான் போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் உரக்கடைக்கு யூரியா வாங்க வந்தவர்கள்கூட மேசைமேல் ஜெபமாலையை வைத்து, "அண்ணே, இத மட்டும் மந்திரிச்சுக் கொண்டாந்துடுங்க" என்றார்கள். என் மனைவி மேரி மறுப்பு சொல்லாமல் அத்தனையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் அவள் பார்க்கக் கிளம்பியது போப்பாண்டவரை அல்ல, ஒரு பள்ளத்தை.

ரோம் நகரத்துக்கு அடியில் புதிதாக ஒரு மெட்ரோ பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் வரப்போகும் நிலையம் ஒன்றின் பள்ளத்தில் எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லா என்ஜினீயராக இருக்கிறாள். தஞ்சாவூரில் படித்து, சென்னையில் சுரங்கத்துக்குள் இறங்கப் பழகி, அங்கிருந்து இத்தாலிக்குப் போனவள். ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது போனைத் திருப்பித் தான் நிற்கும் இடத்தைக் காட்டினாள். நாலு பக்கமும் கான்கிரீட் சுவர், உச்சியில் கைக்குட்டை அகலத்துக்கு வானம். அன்றிலிருந்து மேரிக்குச் சோறு இறங்கவில்லை. "புள்ள எங்க நிக்குதுன்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துடுறேங்க" என்று நச்சரித்தாள். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் கிளம்பினேன்.

ரோமில் இறங்கிய அன்றே எனக்கு முதல் பயம் வந்தது. மேரியின் பெட்டியில் நாகப்பட்டினத்துக் கருவாடு இருந்தது. ஏழு பாலித்தீன் பை போட்டுக் கட்டியிருந்தாலும் அது தான் இருப்பதை ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. சுங்கத்தில் நின்ற அதிகாரி எங்கள் பக்கம் வந்தார், மூக்கைச் சுளித்தார், பையின் வாயில் தொங்கிய ஜெபமாலைக் கொத்தைப் பார்த்தார், போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார். புனிதப் பயணிகளிடம் இப்படி ஒரு வாசனை வரும் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

மறுநாள் ஸ்டெல்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினாள். தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது, அதிலிருந்து குடிதண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மேட்டூரில் எப்போது திறப்பார்கள், திறந்தால் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று வாய் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரன் நான். என்னால் தாங்க முடியவில்லை. முதல் இரண்டு குழாய்களை அடைக்கப் பார்த்தேன். அடைக்கத் திருகே கிடையாது என்று தெரிந்தபிறகுதான் மனம் ஆறியது.

சாப்பாட்டுக்கு ஒரு கடைக்குப் போனோம். "அப்பா, இங்க அரிசிச் சோறு கிடைக்கும்" என்று ஸ்டெல்லா ஆசை காட்டியிருந்தாள். வந்தது பால்கட்டி போட்டுக் கிண்டிய சோறு. நடுவில் பருக்கை அரை வேக்காட்டில் நின்றது. மேரி ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு கொதி விடணும், அவசரப்பட்டு இறக்கிட்டாங்க" என்று இரக்கத்தோடு சொன்னாள். அந்த ஊரில் சோற்றின் பதமே அதுதான் என்று மகள் விளக்கியதை அவள் நம்பவில்லை. சமையற்காரருக்கு வீட்டில் ஏதோ கவலை இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அதற்கு மாறாக, கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டுக் கொடுக்கும் பீட்சா எனக்குப் பிடித்துவிட்டது. காப்பி மட்டும் மருந்து ஊற்றும் மூடி அளவுக்குத் தருகிறார்கள். நின்றபடியே ஒரு வாய், அவ்வளவுதான், அடுத்த ஆளுக்கு இடம் விட வேண்டும்.

திரும்பும்போது பஸ் நகராமல் நின்றது. மெட்ரோ வேலைக்காகத் தெருவைப் பாதி மறித்திருந்தார்கள். முன் சீட்டில் இருந்த அம்மாள் டிரைவரைப் பார்த்துக் கத்தியதை மகள் எங்கள் காதில் மொழிபெயர்த்தாள். "என் மக கைக்குழந்தையா இருந்தப்ப இந்தப் பள்ளத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. இப்ப அவ கைல குழந்தை இருக்கு!" டிரைவர் அமைதியாகப் பதில் சொன்னார். "ஆத்தா, தோண்டுற எடத்துலெல்லாம் உங்க பாட்டன் பூட்டன் எதையாவது போட்டு வச்சிருந்தா நாங்க என்ன பண்றது?" பஸ்ஸே சிரித்தது. அந்தப் பள்ளத்தில் வேலை செய்கிறவளே பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரியாமல் அந்த அம்மாள் எங்கள் ஸ்டெல்லாவைப் பார்த்தும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை, வேலை செய்கிறவர்களின் குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள். மேரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். அதன்மேல் ஆரஞ்சுச் சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். போட்டோ எடுக்கப் போனேன், விடவில்லை.

பள்ளத்தின் வாயில் புனித பார்பராவுக்குச் சின்னதாகக் குகைபோல ஒரு கெபி கட்டிச் சிலை வைத்திருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்கு அவள்தான் காவல். இறங்குகிற ஒவ்வொருவரும் சுரூபத்தின் காலைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அதைப் பார்த்ததும் மேரிக்குப் பாதிப் பயம் தெளிந்தது. மீதிப் பாதி, கம்பிக்கூண்டு லிப்டில் நாங்கள் கீழே போகப் போகத் திரும்பி வந்துவிட்டது.

கீழே நான் எதிர்பார்த்த ராட்சத எந்திரம் எதையும் காணவில்லை. பள்ளத்தின் ஒரு மூலையில் சிலர் மண்டியிட்டு, கொத்தனார் கரண்டியைவிடச் சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தொல்லியல்காரர்கள். அவர்களுக்குத் தலைவி பாவ்லா என்ற நரைமுடி அம்மாள், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. அந்த மண் அடுக்கை அவர்கள் முடித்துச் சரி என்று சொன்னால்தான் ஸ்டெல்லாவின் ஆட்கள் மேற்கொண்டு தோண்டலாம். சுரண்டிய மண்ணைக்கூடத் தண்ணீரில் அலசி, அந்தக் கால விதை, எலும்பு எதுவும் மிதக்கிறதா என்று சல்லடையில் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்தில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கடப்பாரை 'டங்' என்றால் சொந்தக்காரர் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்ப்பார். உள்ளே சாமி சிலை இருந்தால் ஊர் கூடும், அப்புறம் தாசில்தார் வருவார், அப்புறம் வீடு எழும்பினாற்போலத்தான். இங்கேயோ 'டங்' என்ற சத்தத்துக்குத்தான் பாவ்லா காத்திருக்கிறார். தோண்டுகிறவர்கள், சுரண்டுகிறவர்கள் என்று இரண்டு தரப்பையும் சமாளிக்கிற வேலை என் மகளுக்கு.

அங்கேதான் ரஹீமைப் பார்த்தோம். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் மோட்டார்களுக்குப் பொறுப்பாளர். வங்கதேசத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையை அவிழ்த்துவிட்டதில் அவருடைய ஊரும் ஆற்று முகத்துவாரம், அவர் வீட்டிலும் நெல் விவசாயம் என்று புரிந்தது. மத்தியானம் மேலே கொட்டகையில் அவர் டப்பாவைத் திறந்தார். நன்றாக வெந்த சோறு, பருப்பு, வறுத்த கத்தரிக்காய். பாதியை எங்கள் பக்கம் தள்ளினார். மேரி வெட்கப்படாமல் சாப்பிட்டாள். ரோமில் அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

சாப்பாட்டுக்கு முன், நாங்கள் கீழே நின்றபோது பங்குச் சாமியார் ஒருவர் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். எல்லோரும் தலை குனிந்து நின்றோம். மேரி மட்டும் தொல்லியல்காரர்களின் குழி ஓரத்தில், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றாள். கை முந்தானை முடிச்சில் இருந்தது. ஜெபமாலை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போப்பாண்டவர் தூரத்து ஜன்னலில் தெரிந்தார். மேரி ஜெபமாலைப் பையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். குடவாசலுக்கான கடமை அத்துடன் முடிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா வேலையிலிருந்து வந்தவள் பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். மேரி அடுப்பில் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள்.

"வேல நின்னுபோச்சுப்பா. பாவ்லா குழியில அலசின மண்ணுல புதுசா தானியம் வந்திருக்கு. யாரோ உள்ள போட்டிருக்காங்க. இப்ப அந்த அடுக்கு மண்ணு முழுக்கச் சந்தேகம். எங்க ஃபோர்மேன், அது ரஹீம் பாய் சாப்பாடுதான்னு முடிவே பண்ணிட்டாரு. கீழ உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு சட்டம். நாளைக்கு அவர வேலைய விட்டு அனுப்பப் போறாங்க."

"ஏன், அவருதான்னு எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஷிப்ட்ல சோறு திங்கிறவரு அவரு ஒருத்தருதான்."

மேரி கரண்டியை வைத்தாள். "ஏண்டி, அதுல கெடந்தது சோறா, நெல்லா?"

"நெல்லும்மா. உமியோட. அதத்தான் அவரும் சொன்னாரு, நெல்ல எவன்யா திம்பான்னு. ஃபோர்மேனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"பச்சப்பயறு இருந்துச்சா?"

"ஆமா."

"எள்ளு? கொள்ளு?"

ஸ்டெல்லா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் வீட்டுக்குக் கால்கோள் என்றாலும் முதலில் பள்ளத்தில் விழுவது நவதானியம். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம்தான். ஆனாலும் சாமியார் தீர்த்தம் தெளித்து நகர்ந்ததும் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி நவதானியத்தைப் போடாமல் எந்தக் கடைக்காலும் மூடப்பட்டதில்லை. மேரி ரோமாபுரிக்கும் அதே மரியாதையைச் செய்திருக்கிறாள்.

ஸ்டெல்லாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடித்தளத்துக்கான முழுப் பொறுப்பையும் அப்போதுதான் அவளிடம் கொடுத்திருந்தார்கள். எங்களை உள்ளே அழைத்துப் போக உத்தரவாதம் கொடுத்ததும் அவள்தான். உண்மையைச் சொன்னால் அவள் பொறுப்பு போகலாம், சொல்லாவிட்டால் ரஹீமின் பிழைப்பு போகும். நான் புத்திசாலித்தனமாக வாயைத் திறந்தேன். "ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பமே, அந்த ஃபோர்மேனுக்கே புரிஞ்சாலும் புரியும்." இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

விடிந்ததும் ஸ்டெல்லா கிளம்பினாள். "நானே சொல்லிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தின சத்தம் அடங்குவதற்குள் மேரி புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை கட்டிய அதே பட்டு.

"செஞ்சது நான். போய் நிக்கிறது அவளா? வாங்க."

வெளியே வந்தால் ஊர் முழுக்கப் போக்குவரத்து வேலைநிறுத்தம். பஸ் இல்லை, டிராம் இல்லை, டாக்ஸி ஒன்றும் நிற்கவில்லை. எங்களுக்கு இத்தாலியமும் தெரியாது. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் "மெட்ரோ, மெட்ரோ" என்று கேட்டேன். எல்லோரும் பரிவோடு தலையாட்டி, இன்று மெட்ரோ ஓடாது என்று கையால் சொன்னார்கள். நாங்கள் தேடியதோ இன்னும் கட்டியே முடிக்காத மெட்ரோ! இதை எந்த மொழியில் விளக்குவது? கடைசியில் பத்திரிகைக் கடைக்காரர் ஒருவர் முன்னால் நின்று மண்வெட்டியால் வெட்டுவதுபோல் நடித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்து, பிறகு கோணி, ஒரு திசையைக் காட்டினார். அந்தப் பள்ளத்தால் அவர் வியாபாரம் படுத்திருக்க வேண்டும்.

கருங்கல் பாவிய தெருவில் என் புதுச் செருப்பு கடித்தது. மேரி திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அறுவடைக்கு ஆள் பிடிக்கப் போகும்போதுகூட அவள் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

வாசலில், கம்பி வேலிக்கு வெளியே, ரஹீம் உட்கார்ந்திருந்தார். காலடியில் துணிப் பை, மடியில் தொப்பி. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரிக்க வேறு செய்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. மேரி பட்டுப்புடவையோடு நடைபாதையில் ரஹீமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இவரு உள்ள போறவரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன், சொல்லுங்க அவன்கிட்ட" என்றாள். நான் எந்த மொழியில் சொல்ல? காவலாளியே பயந்துபோய்ப் போன் செய்தான்.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். பின்னால் பாவ்லா, அவருக்கும் பின்னால் அந்த ஃபோர்மேன். ஸ்டெல்லா காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஃபோர்மேன் நம்பவில்லையாம். "நீங்களும் ரஹீமும் ஒரே பக்கத்துக்காரங்க, அவரக் காப்பாத்தப் பாக்குறீங்க" என்றாராம்.

மேரி எழுந்து முந்தானையை விரித்தாள். முடிச்சுப் போட்டிருந்த மடிப்பில் ஒரு நெல், நாலைந்து எள், ஒரு கொள்ளு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பாவ்லா கழுத்துக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவள் தோள்மேல் குனிந்து பார்த்தார். தானியத்தைவிட நெசவை அதிக நேரம் பார்த்ததாக எனக்குப் பட்டது. பிறகு நிமிர்ந்து, நடுத்தெருவில், மூச்சு விடாமல் திட்டினார். தொல்லியல், அரசாங்கம், அறிவு என்று எல்லாம் அதில் வந்திருக்க வேண்டும்.

"உம்மேல ரொம்பக் கோவமா இருக்காங்கம்மா" என்று ஸ்டெல்லா ஒரே வரியில் மொழிபெயர்த்தாள்.

"இருக்கட்டும். அவங்க மண்ணு, அவங்க கோவப்படலாம். இவர உள்ள விடச் சொல்லு."

பாவ்லா ஒன்று கேட்டார். ஏன் போட்டாய் என்பதுதான் கேள்வி.

மேரி பதிலை மகளிடம் சொல்லாமல் நேராகப் பாவ்லாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். "எம் பொண்ணு தெனம் இதுக்குள்ள எறங்குறா. அவ சாயங்காலம் மேல ஏறி வர்றாளா இல்லையான்னு எனக்கு அங்க எப்படித் தெரியும்? நானோ குடவாசல்ல கெடக்குறேன். அதான் இந்த மண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சேன்."

ஸ்டெல்லா பாவ்லா பக்கம் திரும்பினாள். பெரிய பெரிய கணக்கையெல்லாம் இத்தாலியத்தில் பேசுகிற பெண், தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டே வாக்கியத்தில் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்தாள். அந்தக் காலத்திலும் சுவர் எழுப்புமுன் அடியில் இப்படி எதையாவது வைத்திருக்கிறார்கள், அதைத் தேடித்தான் தன் பாதி வாழ்க்கை போயிற்று என்றார் பாவ்லா. அதற்காக இதை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஃபோர்மேன் ரஹீமின் தோளில் கை வைத்து, உள்ளே வா என்பதுபோல் தலையை அசைத்தார். ரஹீம் நகரவில்லை. நிதானமாக ஏதோ சொன்னார்.

"போகச் சொன்னது எல்லாரு முன்னாடியும். வரச் சொல்றதும் எல்லாரு முன்னாடியும் சொல்லுங்கன்றாரு" என்றாள் ஸ்டெல்லா.

ஃபோர்மேனுக்கு முகம் சிவந்தது. பாவ்லா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மனிதர் உள்ளே போய், லிப்டுக்குப் பக்கத்தில் நின்ற ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, உரக்கச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அதில் இருந்ததா என்று கேட்டேன், இருந்தது என்றாள் மகள். அப்புறம்தான் ரஹீம் தொப்பியைத் தலையில் வைத்தார். போகும்போது மேரிக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு வேலை மறுபடி தொடங்கியது. ஸ்டெல்லாவை வரவழைத்துக் கண்டித்தார்கள், பொறுப்பைப் பிடுங்கவில்லை. மேரிக்கு மட்டும் அந்த வளாகத்துக்குள் ஆயுளுக்கும் தடை. "அவங்க கூப்பிட்டாலும் போக மாட்டேன், அந்த பூட்ஸ் ஆகவே ஆகல" என்று வீறாப்பாகச் சொன்னாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ரஹீமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். கருவாட்டுக் குழம்பு. மாடி வீட்டுக்காரர்கள் வாயுக் கசிவு என்று நினைத்துக் கதவைத் தட்டினார்கள். ரஹீம் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மேரியும் அவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பதில் மட்டும் சரியாகப் பொருந்தியது.

ஊருக்கு வந்து ஜெபமாலைகளை உரியவர்களிடம் சேர்த்தாயிற்று. கடையில் சம்பா நடவுக்கு உரம் வாங்கக் கூட்டம். இப்போது ஸ்டெல்லாவுக்கு ஒரு புதுப் பழக்கம். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவளாகவே ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து லிப்டைவிட்டு வெளியே வந்ததும் அம்மாவின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறாள். "மேல வந்துட்டேம்மா." எங்களுக்கு அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அது வந்தபிறகுதான் மேரி தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

நேற்று நான் கடையைச் சாத்திவிட்டுப் பசியோடு வந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. மேரி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லாவிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லையோ என்று திக்கென்றது. போனை வாங்கிப் பார்த்தேன். செய்தி எப்போதோ வந்திருந்தது. "மேல வந்துட்டேம்மா. ரஹீம் பாய் இன்னும் கீழதான் இருக்காரு."

"அவரும் ஏறி வரட்டும், சாப்பிடலாம்" என்றாள் மேரி.